சப்ஜெக்ட் மிஸ் லீவு எண்டால் ஃபைலும் லீவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் வெள்ளவத்தையில இருக்கிற ஒரு பென்சன்காரன். 31 வருசம் அரசாங்கக் கந்தோர்களில கிளாக்கரா இருந்து கடைசியில சீஃப் கிளாக்கா ரிட்டயர் ஆனனான், அதால ஃபைல் எண்டால் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை எண்டுதான் போன வருசம் மட்டும் நினைச்சுக்கொண்டிருந்தன். இப்ப கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கேக்கதான் சிலது விளங்குது.

என்ர தம்பி செத்து ஒண்டரை வருசமாகுது. அவன்ர மனுசிக்கு வரவேண்டிய டபிள்யூ அண்ட் ஓபி, அதாவது விதவைகள் அநாதைகள் பென்சன், இன்னும் வரேல்லை. அதைக் கேட்டு அவவும் நானும் ஒரு கந்தோருக்கு, பேர் வேண்டாம், இதுவரைக்கும் 6 தரம் போயிட்டம். முதல் தரம் "சப்ஜெக்ட் மிஸ் இண்டைக்கு லீவு" எண்டிச்சினம், அதாவது அந்த விசயத்தைப் பாக்கிற கிளாக்கர் பிள்ளை. ரெண்டாம் தரம் சப்ஜெக்ட் மிஸ் ட்ரெயினிங். மூண்டாம் தரம் போகேக்க அவ குருநாகலுக்கு மாற்றலாகிப் போயிட்டா, புது மிஸ் வந்திருக்கிறா, ஆனா பழைய மிஸ் ஃபைல்களை இன்னும் ஒப்படைச்சு முடியேல்லை. நாலாம் தரம் அந்தப் புது மிஸ், நல்ல பிள்ளை, பாவம், எங்களை இருத்தி வைச்சிட்டு றாக்கை முழுக்கத் தேடினா, அலுமாரியைத் திறந்து தேடினா, லாச்சியெல்லாம் இழுத்துப் பார்த்தா, எனக்கே எழும்பிப் போய்க் கூடத் தேடுவமோ எண்டு கை துடிச்சது. கிடைக்கேல்லை. அஞ்சாவதையும் ஆறாவதையும் எழுதி உங்கட இடத்தை வீணாக்க மாட்டன்.

கவனிச்சுப் பாருங்கோ, எங்கட கந்தோர்களில சப்ஜெக்ட் எண்டால் அது ஒரு ஆள். சப்ஜெக்ட் மிஸ் வந்தால் சப்ஜெக்ட் வரும், சப்ஜெக்ட் மிஸ் சாப்பிடப் போனால் சப்ஜெக்டும் சாப்பிடப் போகும். இது எவ்வளவு விசித்திரமான விசயமெண்டு எனக்கு 31 வருசமா உறைக்கேல்லை. உறைக்க வைச்சது அக்காவின்ர பேரன்.

அவன் அமெரிக்கன் நேவியில இருக்கிறான். துவக்குத் தூக்கிற வேலை இல்லை, யோமன் எண்டு சொல்லுவினம், அதாவது கப்பல்ல கிளாக்கர் வேலை. ஆடிவேல் பாக்கவெண்டு லீவில வந்து எங்களோட நிண்டவன். இந்த 6 தரம் போன கதையை நான் சொல்லி முடிக்க அவன் கேட்ட கேள்வி, "அம்மப்பா, அந்த ஃபைல்ட நம்பர் என்ன?" நான் கடிதத்தைக் காட்டினன். எங்கட அரசாங்கக் கடிதம் உங்களுக்குத் தெரியும், மேல மூண்டு பாசையிலயும் "எனது இல." எண்டும் "உமது இல." எண்டும் திகதியெண்டும் போட்டிருக்கும். எனது இல. எண்டதுக்குப் பக்கத்தில அமைச்சின்ர சுருக்கம், பிறகு பிரிவின்ர சுருக்கம், பிறகு ஒரு கோடு, பிறகு ஒரு நம்பர், அதுக்குப் பிறகு ஆரோ பேனையால எழுதின இன்னொரு நம்பர். அவன் அதைப் பார்த்திட்டு, "இதில எது என்ன விசயமெண்டு சொல்லுது?" எண்டு கேட்டான். ஒண்டும் சொல்லேல்லை எண்டுதான் நான் சொல்லவேண்டி வந்தது. அந்த நம்பர் எந்தக் கந்தோர், எந்தப் பிரிவு எண்டுதான் சொல்லும். உள்ளுக்க இருக்கிறது விதவைப் பென்சனா, கந்தோர் கூரை ஒழுகிற கதையா எண்டு சொல்லாது.

அமெரிக்கன் நேவிக் கடிதத்தில வலப்பக்கம் மேல முதல் வரியே விசயத்தின்ர நம்பர்தானாம். அதுக்குக் கீழதான் எந்தக் கந்தோர், எத்தினையாவது கடிதம், பிறகு திகதி. அந்த நம்பருக்கு எஸ்எஸ்ஐசி எண்டு பேர், நாலு இல்லாட்டி அஞ்சு இலக்கம். ஆயிரமாவது வரிசை முழுக்கப் படையாக்கள் சம்பந்தப்பட்டது, 4000 சாமான் சப்ளை, 5000 பொது நிர்வாகம், 6000 மருந்து ஆஸ்பத்திரி, 7000 காசு, 9000 கப்பல், இப்பிடி 13000 மட்டும் போகுது, 13000 எண்டால் விமானச் சாமான். உள்ளுக்க போகப் போகச் சுருங்கும். 1050 எண்டால் லீவு. 5210 எண்டால் ஃபைல் பராமரிக்கிறது, 5216 எண்டால் கடிதம் எழுதிற முறை. ஃபைல் வைக்கிற சப்ஜெக்டுக்கே ஒரு ஃபைல் நம்பர் இருக்கிறதை நினைச்சு எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனா அதுதானே சரி.

அதோட சுற்றுநிருபங்களும் அதே நம்பரிலதான் வெளியில வரும். உடற்பயிற்சி பற்றின விசயம் 6110 எண்டால் அதுக்கான கட்டளை 6110.1, அதைத் திருத்த திருத்தப் பின்னால ஒரு எழுத்து மாறிக்கொண்டு போகும். அப்ப கையில இருக்கிறது பழசா புதுசா எண்டு எழுத்தைப் பார்த்தாலே தெரியும். எங்கட பொது நிர்வாகச் சுற்றுநிருபத்தை எடுங்கோ. சம்பளம் மாத்தினது 06/2006, பிறகு மாத்தினது 03/2016. அந்த வருசத்தில எத்தினையாவது கடுதாசி எண்டதைத்தான் நம்பர் சொல்லுது. லீவு பற்றி இதுவரைக்கும் வந்த சுற்றுநிருபம் எல்லாத்தையும் எடு எண்டு ஒரு புதுப் பிள்ளைக்குச் சொன்னால் அந்தப் பிள்ளை எங்க போகும்? என்னைப் போல ஒரு கிழட்டுக் கிளாக்கரைத்தான் தேடிப் போகும். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது ஒரு பெருமையாவும் இருந்தது.

பேரன் போன பிறகு நானும் சும்மா இருக்கேல்லை, இன்டர்நெட்டில கொஞ்சம் வாசிச்சன். இந்தப் பழக்கம் அங்க ஆமியில தொடங்கி நூறு வருசத்துக்கு மேல. அதுக்கு முதல் அவையளும் எங்களைப் போலத்தான், கடிதம் வர வர ஒண்டு, ரெண்டு எண்டு தொடர் நம்பர் போட்டு, அதுக்கொரு கார்ட் எழுதி வைச்சிருக்கினம். 1914 இல அவையின்ர யுத்தத் திணைக்களம் ஒரு புத்தகம் போட்டது, லைப்ரரியில நாங்கள் பாக்கிற டூயி தசம முறை இருக்கெல்லோ, 500 எண்டால் விஞ்ஞானம், 900 எண்டால் வரலாறு, தமிழ் இலக்கியம் 894.811, அதே ஐடியாவைக் கந்தோர்க் கடிதத்துக்குக் கொண்டு வந்திட்டினம். 100 காசு, 200 ஆளணி, 300 நிர்வாகம், 400 சாமான், 500 போக்குவரத்து, 600 கட்டடம், 700 மருத்துவம். அதைத் திருத்தி 1918 இலயும் 1943 இலயும் திரும்பப் போட்டிருக்கினம். அந்தப் புத்தகத்தில எனக்கு முக்கியமாப் பட்டது பின்பக்கத்து அகரவரிசைதான். கிளாக்கர் நம்பரைப் பாடமாக்கத் தேவையில்லை, சொல்லைத் தேடினால் நம்பர் வரும். இந்த அகரவரிசை இல்லாட்டி நம்பர் முறை ஒரு வருசம் கூட நிண்டு பிடிச்சிராது எண்டது என்ர அபிப்பிராயம்.

அந்தப் பழைய நம்பருகளில சிலது முறையை விட்ட பிறகும் சாகேல்லை. 201 எண்டால் தனியாளின்ர சொந்த ஃபைல். அமெரிக்கன் ஆமியில பழைய ஆக்கள் அதை ஃபைல் எண்டே சொல்ல மாட்டினம், "என்ர 201" எண்டுதான் சொல்லுவினம். பிலிப்பைன்ஸ் அமெரிக்காவுக்குக் கீழ இருந்த நாடெல்லோ, அங்க இண்டைக்கும் சாதாரணக் கம்பனியில வேலைக்குச் சேர்ந்தால் கூட உங்களுக்கு ஒரு "201 ஃபைல்" திறப்பினம், ஏன் 201 எண்டு கேட்டால் அங்க கனபேருக்குத் தெரியாது. 383.6 போர்க் கைதிகள். 333.9 விசாரணைகள். 293 எண்டால் செத்துப்போன ஆள்.

அந்த 293 இல நான் கொஞ்ச நேரம் நிண்டிட்டன். ரெண்டாம் உலகப்போரில செத்த ஒவ்வொரு அமெரிக்கன் சோல்ஜருக்கும் ஒரு 293 ஃபைல் இருக்கு. எங்க விழுந்தான், உடம்பு கிடைச்சுதா, எங்க புதைச்சது, சட்டைப்பையில என்ன இருந்தது, தாய் எழுதின கடிதம், தாய்க்குப் போன பதில், எல்லாம் ஒரே உறையில. அமெரிக்கன் ஆமி உலகத்தில செய்த மற்ற வேலையளைப் பற்றி எனக்கு வேற அபிப்பிராயம் இருக்கு, அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. ஆனா இந்த நாட்டில பிள்ளையைத் தேடிற தாய்மாரின்ர பையைப் பார்த்திருக்கிறியளோ? 2010 இல வந்த ஆணைக்குழுவுக்குக் குடுத்த துண்டு, 2013 இல வந்த ஆணைக்குழுவுக்குக் குடுத்த துண்டு, பிறகு 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தில வந்த காணாமல்போன ஆட்கள் அலுவலகத்துக்குக் குடுத்த துண்டு, அதுக்கிடையில பொலிஸ், செஞ்சிலுவை. அதே படத்தையும் அதே கதையையும் திரும்பத் திரும்பக் குடுத்திருக்கினம், கையில இருக்கிற நம்பர் மட்டும் ஒண்டுக்கொண்டு வேற. நம்பர் ஒண்டாயிருந்தால் பிள்ளை வந்திருக்கும் எண்டு நான் சொல்லேல்லை.

சரி, கந்தோருக்கு வாறன். ஏன் படைக்காரர் இதில இவ்வளவு கவனமா இருக்கினம் எண்டு யோசிச்சால் காரணம் எங்கட புது மிஸ்ஸின்ர பிரச்சினைதான். படையில ஆள் ஒரு இடத்தில நிக்கிறதில்லை, ரெண்டு மூண்டு வருசத்தில மாற்றல், கப்பல் ஒரு துறைமுகத்தில இருக்காது, சண்டையெண்டால் நேற்றிருந்த ஆள் இண்டைக்கு இல்லை. ஃபைல் ஆளோட கட்டப்பட்டிருந்தால் அண்டைக்கே கந்தோர் முடிஞ்சுது. அதால ஆர் வந்தாலும், எந்தக் கப்பல்ல ஏறினாலும், லீவு ஃபைல் 1050 இலதான் இருக்கும். எங்கட கந்தோர்களிலயும் மாற்றல் இருக்கு, அதுக்கு மேல எங்களிட்ட இன்னொரு விசேசம் இருக்கு, எலெக்சன் வந்தால் அமைச்சுகளின்ர பேர் மாறும், ரெண்டு அமைச்சு ஒண்டாகும், ஒண்டு மூண்டாகும், வர்த்தமானி வரும், வெளியில போர்ட் மாறும். அமைச்சின்ர சுருக்கத்தில தொடங்கிற ஃபைல் நம்பர் அப்ப என்னாகும்? நான் வேலை செய்த காலத்தில ஒரே ஃபைல் மட்டையில நாலு நம்பர் பார்த்திருக்கிறன், மூண்டு வெட்டினது, ஒண்டு வெட்டாதது, அந்த வெட்டாததும் பழசு.

இன்னொண்டு பேர். ஆளின்ர ஃபைலைப் பேரை வைச்சு அடுக்கிறது வெள்ளைக்காரனுக்குச் சரிவரும், எங்களுக்குச் சரிவராது. தர்மலிங்கம் எண்ட பேரை ஒரு கிளாக்கர் இங்கிலிசு D எழுத்தில போடுவார், இன்னொருத்தர் T எழுத்தில போடுவார். தகப்பன்ர பேர் முன்னுக்கு வருமா பின்னுக்கு வருமா எண்டது வேற. சிங்களத்தில எழுதேக்க இன்னொரு மாதிரி வரும். தம்பின்ர ஃபைலும் இப்பிடித்தான் எங்கேயோ வேற எழுத்துக்குள்ள படுத்திருக்குது எண்டு எனக்குச் சந்தேகம். நம்பருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதோட நம்பருக்குப் பாசையும் இல்லை. மூண்டு பாசையில எழுதி ஒருத்தரும் வாசிக்காத போர்ட் வைக்கிற நாட்டில, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மாதிரி வாசிக்கிறது இலக்கம் ஒண்டுதான். ஃபைல் மட்டையில சிங்களத்தில மட்டும் தலைப்பெழுதியிருந்தால் வவுனியாவில இருந்து மாற்றலாகி வந்த தமிழ்ப் பிள்ளை றாக்கைக்கு முன்னால முழிச்சுக்கொண்டு நிக்கும், நானும் ஒரு காலத்தில நிண்டனான்.

இதுக்கு வெளிநாட்டில இருந்து ஆலோசகர் கூப்பிடத் தேவையில்லை எண்டதுதான் நான் முக்கியமாச் சொல்ல வாறது. எங்களிட்ட தாபனக் கோவை இருக்கு, அரசாங்க உத்தியோகத்தருக்கான விதிப் புத்தகம். அதின்ர அத்தியாய நம்பர் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் பொது. 12 ஆம் அத்தியாயம் லீவு, 14 பிரயாணச் செலவு, 24 கடனும் முற்பணமும், 48 ஒழுக்காற்று நடவடிக்கை. ஆளணி விசயங்களுக்கு இந்த நம்பரையே ஃபைலுக்குப் போட்டால் என்ன? லீவு ஃபைல் கொழும்பிலயும் 12, மட்டக்களப்பிலயும் 12, கண்டியிலயும் 12. பகிடி என்னெண்டால் அமெரிக்கன் ஆமியும் கடைசியில இதைத்தான் செய்தது. அந்தப் பெரிய தசமப் புத்தகத்தை விட்டு, இடையில வேற ஒரு முறையைப் பார்த்திட்டு, 1980களின்ர பிற்பகுதியில எந்த ஒழுங்குவிதிக்குக் கீழ ஒரு கடுதாசி பிறக்குதோ அந்த ஒழுங்குவிதியின்ர நம்பரையே ஃபைல் நம்பரா எடுத்திட்டினம். லீவு பற்றின ஒழுங்குவிதி 600-8-10, ஃபைலும் அதே 600-8-10, பின்னால ஒரு சின்ன எழுத்து, அவ்வளவுதான். விதியைத் தெரிஞ்சவனுக்கு ஃபைலும் தெரியும். அவையள் எழுபது வருசம் சுத்தி வந்து சேர்ந்த இடம் எங்கட மேசையிலயே கிடக்குது, அதுக்கு மேல தேத்தண்ணிக் கோப்பை வைச்சிருக்கிறம்.

நம்பர் போட்டால் எல்லாம் சரியாகும் எண்டு நினைக்கிற ஆள் இல்லை நான். ஒரே கடிதத்தில லீவும் கடனும் மாற்றலும் சேர்த்துக் கேக்கிற ஆக்கள் இருக்கினம், அதை எந்த நம்பரில போடுறது? ஒரு கடிதம் ஒரு விசயம் எண்டதை முதல்ல பழக்கோணும், அப்பிடியும் ரெண்டு விசயம் வந்தால் மற்ற ஃபைலுக்குள்ள "அங்க பார்" எண்டு ஒரு துண்டு வைக்கோணும். ஆருக்கும் சந்தேகம் வந்தால் "பொது" எண்ட ஃபைலுக்குள்ள தள்ளிற பழக்கம் இருக்கே, அது எந்த முறையையும் திண்டுபோடும். நான் பார்த்த "பொது" ஃபைல்கள் தலகாணி மொத்தம்.

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தானே ஐயா" எண்டு சொல்லுவினம். ஓம், போன மாசம் அந்தக் கந்தோரிலயும் கம்ப்யூட்டரில தேடிப் பாத்தவை. ஸ்கேன் 1, ஸ்கேன் 2 எண்டு வரிசையா இருந்துது, திறந்து பார்த்தால்தான் எது ஆற்றை எண்டு தெரியும். றாக்கையில தூசியாவது பழசு புதுசைக் காட்டும், இதில அதுவும் இல்லை.

1973 ஜூலை 12, அமெரிக்காவில சென் லூயிஸ் எண்ட நகரத்தில படையாக்களின்ர ஃபைல் வைக்கிற பெரிய கட்டடத்தில நெருப்புப் பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துக்கும் 1 கோடியே 80 லட்சத்துக்கும் இடையில ஃபைல் போச்சு. 1912 இல இருந்து 1960 மட்டும் ஆமியால விலகினவையின்ர ஃபைலில 80 வீதம் இல்லை. கொப்பி இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, எல்லாத்தையும் விட மோசம், என்னென்ன இருந்தது எண்டதுக்கு முழு இன்டெக்ஸ் இல்லை. இவ்வளவு நம்பர் போட்ட ஆக்களே அங்க கோட்டை விட்டிட்டினம். ஆனா பென்சன் கேட்டு வந்த கிழவனுகளை "ஃபைல் எரிஞ்சு போச்சு, போயிட்டு வா" எண்டு அனுப்பேல்லை, சம்பளச் சீட்டு வேற இடத்தில, காலமை எடுக்கிற ஆள்கணக்கு வேற இடத்தில, இப்பிடி வேற வேற விசயத்துக்குக் கீழ இருந்ததுகளைத் தேடிப் பிடிச்சு ஆளின்ர சேவையைத் திரும்பக் கட்டியெழுப்பியிருக்கினம். 1981 இல நூலகம் எரிஞ்ச யாழ்ப்பாணத்தில பிறந்த எனக்கு அதை வாசிக்க ஒரு மாதிரி இருந்தது.

அதே 1973 இலதான் எங்கட தேசிய சுவடிக்கூடச் சட்டமும் வந்தது, 48 ஆம் இலக்கம். பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதின்ர 7 ஆம் பிரிவு சொல்லுது, ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தன்ர பதிவுகளைப் பட்டியலும் சுட்டியும் போட்டு வைக்கோணும், புதுசாப் பிறக்கிற பதிவை 12 வருசத்துக்குக் குறையாமல் வைச்சிருக்கோணும். எல்லாரும் இந்தச் சட்டத்தில 14 வேலை நாள் கணக்கைத்தான் கதைக்கினம், 7 ஆம் பிரிவை ஒருத்தரும் கதைக்கேல்லை. சுட்டி இல்லாத கந்தோரில 14 நாளில எதைத் தேடி எடுக்கிறது? உங்கட பேப்பர் இதைப் பற்றி ஒரு தரமாவது ஒழுங்கா எழுதோணும் எண்டதுதான் என்ர வேண்டுகோள்.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லிப்போடுறன். நான் ரிட்டயர் ஆகேக்க என்ர சொந்த நோட்டுக் கொப்பி ஒண்டை வீட்டுக்குக் கொண்டு வந்தனான். எந்த ஃபைல் எந்த அலுமாரியில எத்தினையாம் தட்டில எண்டு 31 வருசமா நானே எழுதி வைச்சது. ஒப்படைக்கோணும் எண்டு எனக்கு அண்டைக்குத் தோன்றேல்லை, ஒருத்தரும் கேக்கவும் இல்லை. ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம் மட்டும் கந்தோரில இருந்து கோல் வரும், "சேர், அந்த ஃபைல் எங்க வைச்சனீங்கள்?" நானும் கொப்பியைப் பார்த்துச் சொல்லுவன், மனுசி சிரிப்பா, "உங்களை இன்னும் விடமாட்டினம் போல" எண்டு, எனக்கு உள்ளுக்குச் சந்தோசம். அப்ப நானும் ஒரு சப்ஜெக்ட் மிஸ்தான். என்னட்டயும் எத்தினை விதவை 6 தரம் வந்து போனவையோ, எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கொப்பி இப்பவும் லாச்சியில கிடக்குது, போன கிழமை எடுத்துத் துடைச்சு வைச்சனான், ஆரிட்டக் குடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை, அந்தப் பிரிவே இப்ப வேற அமைச்சுக்குப் போயிட்டுதாம்.

வாற புதன்கிழமை பழைய சப்ஜெக்ட் மிஸ் குருநாகலில இருந்து ஒப்படைக்கிற அலுவலா வாறாவாம். தம்பின்ர மனுசியும் நானும் 7 மணிக்கே போய் நிக்கப் போறம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.